சாலைக் கடனும் தொழில் புள்ளிவிவரமும்: நாடாளுமன்றம் எப்படிச் சோதிக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உள்கட்டமைப்பு நிதிக்கும் தொழில் புள்ளிவிவரத்துக்கும் என்ன சம்பந்தம்?

டெல்லியில் இரண்டும் ஒரே குழுவின் முன்தான் வருகின்றன. நிதி அமைச்சகம், கம்பெனி விவகார அமைச்சகம், நிதி ஆயோக், புள்ளியியல் மற்றும் திட்ட அமலாக்க அமைச்சகம் ஆகிய நான்கும் நாடாளுமன்ற நிதி நிலைக்குழுவின் பொறுப்பு. இவற்றில் கடைசி அமைச்சகத்துக்கு இரண்டு கைகள். ஒன்று தொழிற்சாலைகளிடமும் கடைகளிடமும் கணக்கு வாங்குகிறது. மற்றொன்று 150 கோடி ரூபாயும் அதற்கு மேலும் செலவாகும் மத்திய அரசுத் திட்டங்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று கண்காணிக்கிறது. (எம்.பி.க்கள் பலருக்கு இந்த அமைச்சகம் என்றதும் நினைவுக்கு வருவது வேறு: தொகுதி மேம்பாட்டு நிதியான ஆண்டுக்கு 5 கோடி ரூபாயும் இதன் வழியாகத்தான் வருகிறது.)

உள்ளடக்கத்திலும் தொடர்பு உண்டு. சுங்கச்சாலைக்குக் கடன் கொடுக்கும்போது அடுத்த 15, 20 வருடங்களில் எத்தனை லாரி ஓடும் என்று கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு தொழில் உற்பத்தி வளரும் வேகத்தை நம்பி நிற்கிறது. உற்பத்தி எண் பிசகினால் கடன் திரும்பும் என்ற கணக்கும் பிசகும்.

இதில் ஓர் இடைவெளியும் இருக்கிறது. நெடுஞ்சாலை அமைச்சகத்தைப் பார்ப்பது மாநிலங்களவையின் கீழ் இயங்கும் போக்குவரத்து, சுற்றுலா, பண்பாட்டு நிலைக்குழு. ரயில்வேக்குத் தனிக் குழு. கடன் தரும் அமைப்பு ஒரு குழுவிடம், அந்தக் கடனில் எழும்பும் சாலை இன்னொரு குழுவிடம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை.

நிலைக்குழுவில் யார் இருப்பார்கள்?

மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர், ஆக மொத்தம் 31. அமைச்சர்கள் உறுப்பினராக முடியாது. துறைவாரி நிலைக்குழுக்கள் 1993இல் 17 ஆகத் தொடங்கி, 2004இல் 24 ஆயின. ஒரு வருடப் பதவிக்காலம் மிகக் குறைவு. உறுப்பினர் ஒருவர் பத்திரங்களையும் உத்தரவாதங்களையும் பிரித்துப் பார்க்கப் பழகும்போது வருடம் முடிந்துவிடுகிறது.

சாட்சி சொல்ல வருவது அமைச்சர் அல்ல, துறைச் செயலாளர். ஆவணங்களைக் கேட்டு வாங்கக் குழுவுக்கு அதிகாரம் உண்டு; நாட்டின் பாதுகாப்புக்கோ நலனுக்கோ பாதகம் என்று சொல்லி அரசு மறுக்கலாம். அன்றாட நிர்வாகத்தில் குழு தலையிட முடியாது. அதனால் ‘இந்த டெண்டரை ஏன் இவருக்குக் கொடுத்தீர்கள்?’ என்பது நிலைக்குழுவில் எடுபடாது. அது தணிக்கை வழியாகப் பொதுக் கணக்குக் குழுவுக்குப் போக வேண்டிய கேள்வி.

பட்ஜெட் காலத்தில் வரிசையாக என்ன நடக்கும்?

பிப்ரவரி 1 அன்று பட்ஜெட். அவை இடைவேளை விடும்போது மானியக் கோரிக்கைகள், அதாவது ஒவ்வொரு அமைச்சகமும் செலவுக்குக் கேட்கும் தொகைகள், நிலைக்குழுக்களுக்குப் போகின்றன. குழுவின் செயலகம் அமைச்சகத்துக்கு நீண்ட கேள்விப் பட்டியல் அனுப்பும். எழுத்துப்பூர்வ பதில் வந்ததும் செயலாளரை அழைத்து வாய்மொழி விசாரணை, பிறகு வரைவு, ஏற்பு, மார்ச்சில் அவையில் தாக்கல். நான்கு அமைச்சகங்களுக்கும் சேர்த்து ஏறக்குறைய மூன்று வாரம்தான் கிடைக்கும்.

அதன் பிறகு அவையில் விவாதம், வெட்டுத் தீர்மானம் எல்லாம் வர வேண்டும். கொள்கையை எதிர்த்தால் ஒரு ரூபாயாகக் குறைக்கச் சொல்வது, குறிப்பிட்ட குறையைச் சுட்டினால் 100 ரூபாய் குறைக்கச் சொல்வது என்று வகைகள் உண்டு. நடைமுறையில் பெரும்பாலான கோரிக்கைகள் ‘கில்லட்டின்’ முறையில் மொத்தமாக வாக்கெடுப்புக்குப் போகின்றன. 2023 மார்ச் 23 அன்று சுமார் 45 லட்சம் கோடி ரூபாய் பட்ஜெட்டை மக்களவை விவாதமே இல்லாமல் நிறைவேற்றியது. அந்த வருடம் செலவை வரிவரியாக யாராவது பார்த்தார்கள் என்றால் அது நிலைக்குழுவில்தான்.

பட்ஜெட்டில் தெரியாத கடன் என்பது என்ன? அதை எங்கே தேடுவது?

அரசு நேரடியாகக் கடன் வாங்கினால் அது நிதிப் பற்றாக்குறையில் ஏறும். அரசு நிறுவனம் ஒன்று கடன் வாங்கி, வட்டியையும் அசலையும் அரசே கட்டினால், வாங்கிய வருடத்தில் அது பற்றாக்குறையில் தெரியாது. பின்னால் கட்டும் தவணை மட்டும் செலவாகத் தெரியும். பணத்தை எடுக்க நாடாளுமன்றத்தின் அனுமதி வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 114ஆவது பிரிவு. ஆனால் இந்தப் பணம் அரசின் தொகுப்பு நிதி என்ற பொதுக் கஜானாவுக்குள் வருவதே இல்லை. வாக்கெடுப்பு தேவைப்படாமல் போவது அதனால்தான்.

தேட வேண்டிய இடம் பட்ஜெட் ஆவணங்களில் செலவின விவரத் தொகுப்பு. அதில் 27ஆவது அறிக்கை. அரசே முழுமையாகத் திருப்பிக் கட்டும் பத்திரங்கள், தேசியச் சிறுசேமிப்பு நிதியிலிருந்து கொடுத்த கடன்கள் ஆகியவை வருடவாரியாக அங்கே உள்ளன. பொதுத்துறை நிறுவனங்கள் சொந்தமாகத் திரட்டும் நிதி இதில் சேராது, அதற்குத் தனி அறிக்கை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வது செய்திகளில் அடிக்கடி நடக்கிறது. ஒன்றில் கடனைத் தீர்ப்பது வரிப்பணம், மற்றொன்றில் நிறுவனத்தின் வருமானம்.

தேசிய நெடுஞ்சாலை ஆணையம் இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றது. கடன் ஆணையத்தின் பெயரில்; ஆனால் சுங்க வருமானமோ கடனை முழுதாகத் தாங்கும் அளவில் இல்லை. 2022 தொடக்கத்தில் கடன் ஏறத்தாழ 3.5 லட்சம் கோடி ரூபாய். 2022-23 பட்ஜெட்டிலிருந்து புதுக் கடன் திரட்டுவதைப் பூஜ்யமாக்கி, பட்ஜெட் ஒதுக்கீட்டை உயர்த்தினார்கள். செலவு அவையின் பார்வைக்குள் வந்தது நல்லது. ஆனால் பழைய கடனின் வட்டியும் அசலும் எந்தத் தலைப்பில் போகின்றன என்பதை ஒவ்வொரு ஆண்டும் கேட்டு வாங்கத்தான் வேண்டியிருக்கிறது.

உத்தரவாதங்களையும் விடக் கூடாது. ஒரு வருடத்தில் மத்திய அரசு கூடுதலாகத் தரும் உத்தரவாதம் ஜிடிபியில் 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது நிதிப் பொறுப்புச் சட்டத்தின் வரம்பு. கடன் வாங்கியவர் கட்டத் தவறும்வரை உத்தரவாதம் ஒரு ரூபாய்கூடச் செலவாகத் தெரியாது. கேள்வி கேட்க ஏற்ற நேரமும் அதற்கு முன்புதான்.

மாநிலங்களில் இதே சிக்கல் உண்டா?

கேரள அரசின் உள்கட்டமைப்பு முதலீட்டு அமைப்பான கிஃப்பியின் வழக்கு நல்ல உதாரணம். 2019இல் அந்த அமைப்பு லண்டன் பங்குச் சந்தையில் மசாலா பத்திரம் (வெளிநாட்டில் ரூபாய் மதிப்பில் விற்கும் கடன் பத்திரம்) வெளியிட்டு 9.723 சதவீத வட்டியில் 2,150 கோடி ரூபாய் திரட்டியது. இது மாநிலத்தின் கடன்தான், அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் எழுதினார். 2021 ஜனவரியில் கேரளச் சட்டமன்றம் தணிக்கை அறிக்கையின் அந்தப் பக்கங்களை நிராகரித்துத் தீர்மானம் போட்டது. அறிக்கையைக் குழுவுக்கு அனுப்பி விசாரிப்பதுதான் வழக்கம். விசாரணைக்கு முன்பே பக்கங்களை நீக்கச் சொன்னது, அதற்கு ஆயிரம் காரணம் சொன்னாலும், மோசமான முன்னுதாரணம். பிறகு மத்திய அரசு இத்தகைய கடன்களை மாநிலத்தின் கடன் வரம்புக்குள் சேர்க்க, கேரளம் உச்ச நீதிமன்றம் போனது. 2024 ஏப்ரலில் விஷயம் ஐந்து நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டது.

புதிய உள்கட்டமைப்பு வங்கிச் சட்டத்தை எந்தக் குழு ஆராய்ந்தது?

எந்தக் குழுவும் இல்லை. உள்கட்டமைப்பு நிதி மற்றும் வளர்ச்சிக்கான தேசிய வங்கி மசோதா 2021 மார்ச் 22இல் மக்களவையில் அறிமுகமானது. மறுநாளே அங்கே நிறைவேறியது. 25ஆம் தேதி மாநிலங்களவையிலும். 1 லட்சம் கோடி ரூபாய் அங்கீகரிக்கப்பட்ட மூலதனம், அரசின் 20,000 கோடி பங்கு முதலீடு, அரசின் பங்கை 26 சதவீதம்வரை குறைக்க வழி, வெளிநாட்டுக் கடனுக்குச் சலுகைக் கட்டணத்தில் அரசு உத்தரவாதம். ஒவ்வொன்றும் ஒரு குழு உட்கார்ந்து ஒரு மாதம் பேச வேண்டிய விஷயம். 15ஆவது மக்களவைக் காலத்தில் 71 சதவீத மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின. 17ஆவது மக்களவைக் காலத்தில் 16 சதவீதம்.

இதைவிடத் தள்ளி நிற்பது 2015இல் தொடங்கிய தேசிய முதலீடு மற்றும் உள்கட்டமைப்பு நிதியம். இதில் அரசின் பங்கு 49 சதவீதம். கம்பெனிச் சட்டப்படி 51 சதவீதம் இருந்தால்தான் அரசு நிறுவனம். இல்லையென்றால் தணிக்கையாளர் தாமாகவே உள்ளே வர முடியாது. முதலீட்டாளரை ஈர்க்க இந்த அமைப்பு தேவை என்பது அரசின் வாதம். அப்படியானால் ஆண்டறிக்கையில் என்னென்ன விவரம் வர வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வதுதான் அவை செய்யக்கூடியது.

தணிக்கை அறிக்கையில் வரும் ‘கிலோமீட்டருக்கு 250 கோடி’ மாதிரி எண்களை நம்பலாமா?

எண் சரியாகவே இருக்கும். எதோடு ஒப்பிட்டார்கள் என்று பாருங்கள். மத்திய அரசின் நெடுஞ்சாலைத் திட்டமான பாரத்மாலா பற்றிய 2023ஆம் ஆண்டின் 19ஆவது தணிக்கை அறிக்கை துவாரகா விரைவுச்சாலைக்கு கிலோமீட்டருக்கு 250.77 கோடி ரூபாய் என்றது. அமைச்சரவைக் குழு ஒப்புக்கொண்டது 18.20 கோடி. 29.06 கிலோமீட்டருக்கு 7,287.29 கோடி, வகுத்தால் அதே எண் வரும். அமைச்சகத் தரப்பின் பதில்: அது உயர்மட்டப் பாதையும் சுரங்கமும் கொண்ட பலவழிச் சாலை, 18.20 என்பது திட்டம் முழுவதற்குமான சராசரி; டெண்டர் மதிப்பீடு கிலோமீட்டருக்கு 206.39 கோடி, கொடுத்தது 181.94 கோடி.

இருவர் சொல்வதும் கணக்குப்படி சரி. ஒருவர் சாலையின் நீளத்தால் வகுக்கிறார். மற்றவர் வழித்தடங்களையும் பாலங்களையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறார். ஆனால் தணிக்கையின் அடிப்படைக் கேள்விக்கு இந்தப் பதில் போதாது. சாதாரணச் சாலை என்று அனுமதி வாங்கிவிட்டு உயர்மட்டச் சாலை கட்ட முடிவெடுத்தது யார், அந்த முடிவு மறுபடி அமைச்சரவைக் குழுவுக்குப் போனதா என்பதே கேள்வி. இந்த ஒரு சாலையை மறந்துவிட்டுத் திட்டம் முழுவதையும் பார்த்தாலும் நிலைமை தெரியும். 34,800 கிலோமீட்டருக்கு 5,35,000 கோடி என்று ஒப்புதல், அதாவது கிலோமீட்டருக்கு 15.37 கோடி. அனுமதித்ததோ 26,316 கிலோமீட்டருக்கு 8,46,588 கோடி, கிலோமீட்டருக்கு 32.17 கோடி. தலைப்புச் செய்தியான 250ஐவிட இந்த 32தான் கவலைக்குரியது.

இந்த அறிக்கைகளை விசாரிப்பது 22 உறுப்பினர் கொண்ட பொதுக் கணக்குக் குழு. 1967 முதல் அதன் தலைவர் எதிர்க்கட்சிக்காரர் என்பது மரபு. எல்லாப் பத்திகளையும் அது எடுத்துக்கொள்வதில்லை.

திட்டச் செலவு பல லட்சம் கோடி எகிறியது என்று வரும் செய்தியை எப்படி வாசிப்பது?

புள்ளியியல் அமைச்சகத்தின் 2023 டிசம்பர் திட்டக் கண்காணிப்பு அறிக்கையை எடுத்துக்கொள்ளலாம். 1,820 திட்டங்களின் மூலச் செலவு 25,87,066 கோடி, எதிர்பார்க்கும் செலவு 30,69,596 கோடி. வித்தியாசம் 4.82 லட்சம் கோடி, 18.65 சதவீதம். செலவு ஏறியவை 431, தாமதமானவை 848.

இங்கே தவறு நேரும் இடங்கள் நான்கு. ஒன்று, இது மொத்தத்திலிருந்து மொத்தத்தைக் கழித்த எண். செலவு குறைந்த திட்டங்கள் ஏறியவற்றை ஓரளவு மறைத்துவிடும். இரண்டு, மூலச் செலவோடு ஒப்பிட்டால் ஓர் எண் வரும், கடைசியாகத் திருத்தி ஒப்புதல் வாங்கிய செலவோடு ஒப்பிட்டால் வேறு எண். திருத்த ஒப்புதல் கிடைத்த அன்று உயர்வு காகிதத்தில் காணாமல் போகும். முடிக்கும் தேதிக்கும் இதே கதைதான். மூன்று, தேதியே தராத திட்டங்கள் நிறைய உண்டு. அவை தாமதப் பட்டியலில் வராது. நான்கு, முடிந்தவை பட்டியலிலிருந்து விலகுவதால், போன மாதத்தோடு இந்த மாதத்தை ஒப்பிட்டுப் ‘குறைந்தது’ என்று சொல்ல முடியாது.

விவரத்தைப் பதிவேற்றுவது திட்டத்தை நடத்தும் நிறுவனமே. காரணம் என்ற இடத்தில் நிலம் கையகப்படுத்தல், வன அனுமதி என்று எழுதுவது வழக்கம். விரிவான பொறியியல் வரைபடம் முடியும் முன்பே டெண்டர் விட்டதை யாரும் தானாக எழுத மாட்டார்கள்.

தொழில் புள்ளிவிவரம் தரச் சட்டக் கட்டாயம் உண்டா? யார் தர வேண்டும்?

உண்டு. 2008ஆம் ஆண்டின் புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டம் 2010 ஜூன் 11 முதல் நடப்பில் உள்ளது; விதிகள் 2011இல் வந்தன. புள்ளிவிவர அதிகாரி நோட்டீஸ் கொடுத்தால் பதில் தர வேண்டும். தராவிட்டால் தனிநபருக்கு 1,000 ரூபாய்வரையும் கம்பெனிக்கு 5,000 ரூபாய்வரையும் அபராதம் என்று சட்டம் இயற்றியபோது எழுதினார்கள். பெரிய ஆலைக்கு அந்தத் தொகை ஒரு நாள் தேநீர்ச் செலவு. தண்டனைப் பிரிவுகள் திருத்தப்படக்கூடியவை, நோட்டீஸ் வந்தால் அன்றைய சட்ட வாசகத்தைப் பாருங்கள்.

ஆண்டுத் தொழில் ஆய்வில் மின்சாரம் பயன்படுத்திப் 10 பேரோ அதற்கு மேலோ, மின்சாரம் இல்லாமல் 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் பதிவு பெற்ற தொழிற்சாலைகள் அடங்கும். பீடி, சுருட்டு நிறுவனங்களும் உண்டு. பெரிய ஆலைகளை ஒன்றுவிடாமல் கேட்பார்கள், மற்றவற்றில் மாதிரி எடுப்பார்கள். கம்பெனியாகப் பதிவாகாத கடை, பட்டறை, சிறு சேவைகளுக்குத் தனி ஆய்வு. 2023-24இல் அப்படி 7.34 கோடி நிறுவனங்களும் 12.06 கோடி வேலையாட்களும் இருந்ததாக அது மதிப்பிட்டது.

படிவத்தில் பிழை வருவது எங்கே?

பெரும்பாலும் வேலையாட்கள் பகுதியில். ஒப்பந்தத் தொழிலாளர் நம் சம்பளப் பட்டியலில் இல்லை என்று விட்டுவிடுவார்கள். ஆனால் கேட்பது நேரடி ஆட்களையும் ஒப்பந்தக்காரர் வழி ஆட்களையும். நாட்டின் தொழிற்சாலைத் தொழிலாளர்களில் ஐந்தில் இரண்டு பங்கு ஒப்பந்த முறையில் இருக்கும்போது இந்தப் பிழை சின்னதல்ல. அடுத்தது, மூன்று ஆலைகளுக்கு ஒரே இருப்புநிலைக் கணக்கு வைத்திருக்கும் கம்பெனி: தலைமை அலுவலகச் செலவை ஓர் ஆலையின் தலையில் கட்டினால் அந்த ஆலையின் மதிப்புக்கூட்டல் (உற்பத்தி மதிப்பிலிருந்து இடுபொருள் செலவைக் கழித்தது) சுருங்கிவிடும். பிறகு அலகுகள். கச்சாப்பொருளைக் கிலோவில் வாங்கி டன் என்ற அலகுக்கு எதிரே எழுதிவிட்டால், ஒரு கிலோ விலை ஆயிரம் மடங்கு தவறும்.

கொடுத்த கணக்கை வருமான வரித்துறை பார்க்குமா?

சட்டத்தின் 9ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது. புள்ளிவிவர நோக்கத்துக்கு மட்டுமே பயன்படுத்தலாம், அடையாளம் தெரியும்படி வெளியிடக் கூடாது.

புள்ளிவிவரத்தின் தரத்தை நாடாளுமன்றம் உண்மையில் சோதிக்கிறதா?

அரைகுறையாக. தேசியப் புள்ளியியல் ஆணையம் 2005இல் அரசுத் தீர்மானம் ஒன்றின் மூலம் அமைந்தது, 2006 ஜூலையிலிருந்து இயங்குகிறது. அதற்கென்று சட்டம் இல்லை. 2019 ஜனவரியில் வேலைவாய்ப்பு ஆய்வு வெளியாகாத விவகாரத்தில் செயல்தலைவர் பி.சி. மோகனனும் உறுப்பினர் ஜே.வி. மீனாட்சியும் விலகியபோது, யாரிடம் முறையிடுவது என்பதற்குச் சட்டத்தில் வழியே இல்லை. அதே வருட டிசம்பரில் வரைவு மசோதா ஒன்றைக் கருத்துக் கேட்க வெளியிட்டார்கள்.

ஜிடிபியில் தனியார் கம்பெனிகளின் பங்கை கம்பெனி விவகார அமைச்சகத்தின் பதிவேட்டிலிருந்து எடுக்கிறார்கள். சேவைத் துறை பற்றிய 74ஆவது சுற்று மாதிரி ஆய்வுக்காக அந்தப் பட்டியலைக் கொண்டு களத்துக்குப் போனபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான கம்பெனிகள் ஆய்வில் சேர்க்க முடியாதவையாக இருந்தன: மூடியவை, முகவரியில் இல்லாதவை, வேறு தொழில் செய்பவை. 2019இல் இது வெளியானதும் ஜிடிபி பாதிக்காது என்று அமைச்சகம் விளக்கியது. ஏழாவது பொருளாதாரக் கணக்கெடுப்பு 2019இல் தொடங்கியது, முடிவுகள் வெளிவரவில்லை. நாட்டில் எத்தனை நிறுவனம் என்பதற்கு 2013இல் தொடங்கிய ஆறாவது கணக்கெடுப்பைத்தான் இன்னும் புரட்ட வேண்டியிருக்கிறது.

அடுத்து கவனிக்க வேண்டியது தொழிலாளர் சட்டத் தொகுப்புகள். 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்தவற்றில், தொழிற்சாலை என்பதற்கான வரம்பு மின்சாரத்துடன் 20 பேர், மின்சாரம் இன்றி 40 பேர் என்று உயர்ந்தது. பழைய வரம்பையே பட்டியலுக்கு ஆதாரமாக வைத்திருக்கும் ஆய்வில், 10 முதல் 19 பேர் உள்ள ஆலை எந்தப் பக்கம் போகும்? ஆய்வின் வரையறையை மாற்றினால் ஒரே வருடத்தில் ஆலைகளின் எண்ணிக்கை விழுந்தது போலத் தோன்றும். நிதி நிலைக்குழு இதை இப்போதே எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

மற்ற நாடுகளில்?

பிரிட்டனில் 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி புள்ளியியல் ஆணையம் அமைச்சருக்கு அல்ல, நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் தொழில் புள்ளிவிவரம் பற்றிய பத்துத் தனிச் சட்டங்களை 2019இல் ஒரே ஒழுங்குமுறைக்குள் கொண்டுவந்தது.

குழு பரிந்துரைத்தால் அரசு ஏற்றாக வேண்டுமா?

வேண்டியதில்லை. ஆனால் மூன்று மாதத்துக்குள் பதில் தர வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அமைச்சர் அவையில் நிலவரம் சொல்ல வேண்டும். பதிலைக் குழு பரிசீலித்து நடவடிக்கை அறிக்கை வெளியிடும். இரண்டாம் அத்தியாயத்தில் அரசு ஏற்றவை, மூன்றாவதில் குழு மேலே வலியுறுத்த விரும்பாதவை, நான்காவதில் அரசின் பதிலைக் குழு ஏற்காதவை, ஐந்தாவதில் இடைக்காலப் பதில்கள். நேரமில்லாதவர்கள் நான்காம் அத்தியாயத்தை மட்டும் படித்தால் போதும், சண்டை எங்கே என்று தெரிந்துவிடும். ஐந்தாம் அத்தியாயம் தடித்துக்கொண்டே போனால் அமைச்சகம் காலம் கடத்துகிறது என்று பொருள்.

எம்.பி. மூலம் கேள்வி கேட்க வைக்கலாமா? எப்படி எழுதுவது?

தாராளமாக. குறைந்தது 15 முழு நாள் முன்னறிவிப்பு, 150 சொல் வரம்பு. மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள், எழுத்துப் பதிலுக்கு 230. எண் வேண்டும் என்றால் எழுத்துப் பதில் கேள்வியே மேல். நட்சத்திரக் கேள்விகள் முதல் சிலவற்றோடு நேரம் முடிந்துவிடும். ‘தகவல் திரட்டப்படுகிறது, அவையில் வைக்கப்படும்’ என்று பதில் வந்தால் அது உறுதிமொழி. மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும், இல்லாவிட்டால் உறுதிமொழிக் குழுவுக்கு எழுதலாம்.

‘தாமதத்துக்குக் காரணம் என்ன?’ என்று கேட்டால் நிலம், வனம், வானிலை என்றே பதில் வரும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ‘150 கோடிக்கு மேற்பட்ட திட்டங்களில் இதுவரை முடிக்கும் தேதி தராதவை எத்தனை, அவற்றின் பெயர், மூலச் செலவு, இன்றுவரை செலவிட்ட தொகை, ஒவ்வொன்றுக்கும் கடன் தந்த அரசு நிறுவனம், அந்தக் கடனுக்கு அரசு உத்தரவாதம் உண்டா?’